வாயில் வைக்காத சிகரெட்

ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, சிகரெட்டின் பஞ்சுப் பக்கத்தை ஒரு ரப்பர் குமிழின் வாயில் செருகுவார் மாமா. காது கழுவுவதற்கென்று மருந்துக்கடையில் விற்கிற குமிழ் அது. தீக்குச்சியைக் கிழித்து நுனியில் காட்டி, குமிழை ஒரு அமுக்கு அமுக்கி விட்டால், அது மனுஷனைப்போல மூச்சை உள்ளே இழுக்கும், நுனி சிவந்துகொள்ளும். குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிகரெட்டை இரண்டு விரலால் பிடித்து, கூரையில் இருக்கும் காற்றுச் சல்லடைக்குக் கீழே நீட்டுவார். புகை முதலில் நேராக எழும். கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சல்லடைக்குள் நுழையும். "போறா பாரு, பெரிய வீட்டுக்குள்ள நுழையற புதுப்பொண்ணு மாதிரி, தலையைக் குனிஞ்சிக்கிட்டு" என்பார். அது நுழையாமல் தயங்கி நின்றால் மேலே ஏதோ ஃபில்டர் அடைத்திருக்கிறது. திரும்பி வந்து அவர் முகத்திலேயே அடித்தால், காற்றைக் கொண்டுபோகிற தகரக் குழாய் எங்கேயோ இணைப்பு விட்டு வாயைப் பிளந்திருக்கிறது. இதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

இத்தனைக்கும் மனிதர் தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தவரில்லை. "நான் பிடிக்கிறவன் இல்லப்பா, படிக்கிறவன். நீங்க பேப்பரைப் படிக்கிறீங்க, நான் புகையைப் படிக்கிறேன்." ஊதுவத்தி வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால் அவர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார். ஊதுவத்திப் புகைக்குத் தலைக்கனம் அதிகமாம், தன் வாசனையிலேயே சொக்கி நிற்குமாம். சிகரெட் புகைதான் சோம்பேறி. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

ஏழு மாடி அலுவலகக் கட்டடம் அது. அத்தனை மாடிக்கும் குளிர்காற்று அனுப்பி, கெட்ட காற்றைத் திரும்ப வாங்கி, புதுக்காற்றைக் கலந்து மறுபடி அனுப்புகிற வேலை மாமாவுடையது. கட்டடத்தின் மேனேஜர் அவருடைய தங்கை மகன். அவன் 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டு டீ கொண்டுவருகிற அக்கா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளைக் கேட்டுக் கணக்குப் பிரிவு, கணக்குப் பிரிவைக் கேட்டு ஏழு மாடியும். வாசல் காவலாளி மட்டும் 'அண்ணே' என்பார்.

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் வெளியே போய் நில் என்றாராம். நின்றவர் அப்படியே நடந்து ஒரு தகரப் பட்டறைக்குள் நுழைந்துவிட்டார். "இன்னும் உள்ள வான்னு கூப்பிடல. கூப்பிட்டா போவேன்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பட்டறையில் தகரம் சுமந்து, வெட்டி, மடக்கி, ஆணி அடித்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் சினிமாக் கொட்டகைக்கும் குழாய் போடுகிற அளவுக்கு வந்தார். இடது உள்ளங்கையில் குறுக்கே ஓடுகிற தழும்பு ஒரு தகரம் போட்ட கோடு. கைரேகை பார்க்கிறவன் ஒருவன் அதை ஆயுள்ரேகை என்று நினைத்துத் திகைத்துப்போனானாம். பெருமை பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வராது. "டாக்டருக்கு ஒருத்தன் மூச்சுதான்யா தெரியும். எனக்கு ஏழு மாடி மூச்சு தெரியும்." யார் பேச்சிலும் குறுக்கே விழுந்து, "அது கிடக்கட்டும், இதைக் கேளு" என்று தொடங்குவார். வீட்டில் மட்டும் அவர் பேச்சை மின்விசிறிகூடக் கேட்காது. மனைவி தொலைக்காட்சிச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டிவைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். விடுமுறை நாளில் மத்தியானத்துக்குள் அவருக்கு மூச்சு முட்டிவிடும். ஏதாவது சாக்குச் சொல்லிக் கட்டடத்துக்கு வந்து நிற்பார்.

அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்கிறவன் காலையில் என்ன சோப்புப் போட்டான், எந்த மாடியில் பிரிண்டர் சூடாகிவிட்டது, கணக்குப் பிரிவில் யார் மேஜைக்குள் பழம் அழுகுகிறது, எல்லாம் சொல்லுவார். ஒருமுறை நான்காம் மாடியில் ஒயர் புகையப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டார். உண்மையில் அது யாரோ கருக்கிய ரொட்டி. அந்தக் கதையில் ரொட்டி மட்டும் வராது.

எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊதித் தள்ளிய காலத்தில் அவருடைய சிகரெட்டை யாரும் கவனிக்கவில்லை. பிறகு புகைக்கிறவர்கள் மாடிப்படிக்குப் போனார்கள். அங்கிருந்து மொட்டைமாடிக்கு. கடைசியில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்ற பேச்சு வந்து அவர்களைத் தெருவுக்கே அனுப்பிவிட்டது.

ஒரு பெரிய கம்பெனி மேலே மூன்று மாடியையும் வாடகைக்கு எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் சான்றிதழ் உள்ள கட்டடமாக இருந்தால்தான் வருவார்களாம். தங்கை மகன் மாமாவை உட்காரவைத்து விதிகளைச் சொன்னான். கட்டடத்துக்குள் எங்கேயும் புகை கூடாது. வாசல், ஜன்னல், புதுக்காற்று உள்ளே போகிற வாய், இவற்றின் பக்கத்திலும் கூடாது. அளந்து மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்தபடி அதிகாரிகள் ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து டீ அக்கா, "நல்லா தண்டனை குடுத்தாங்க, வெளிய நிக்க வச்சிட்டாங்களே பள்ளிக்கூடத்துல மாதிரி" என்றாள். மாமா இதில் தமக்கு எதுவும் இல்லை என்றுதான் நினைத்தார்.

"உங்களையும் சேர்த்துத்தான் மாமா."

"நான் எங்கடா பிடிக்கிறேன்?"

"பிடிக்கலதான். ஆனா பத்தவைக்கிறீங்கள்ல. இனிமே அது கூடாது."

"அப்போ காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு யாரு பார்க்கிறது?"

தங்கை மகன் சுவரைக் காட்டினான். ஒவ்வொரு அறையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தது. அதில் எண் ஓடிக்கொண்டிருந்தது. காற்று சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மாமா அதன் முன்னால் போய் நின்று, மூக்கை நீட்டி, "இதுக்கு ஜலதோஷமே வராதாக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு அறைக்குள் அவர் நுழைந்தால், "மாமா, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்பார்கள். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். பச்சை எரிந்தால் அவர் வந்ததே தெரியாத மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள். பழக்கம் விடாமல் அவர் ஸ்டூல் மேல் ஏறிச் சல்லடைக்குக் கீழே கையை நீட்டுவார். விரலிடுக்கில் ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துவிட்டு இறங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவார். வேலையிலிருந்து ஓய்வு பெறவேண்டிய வயது தாண்டி அவரை நிறுத்திவைத்திருப்பவன் தங்கை மகன்தான். "சான்றிதழ் வரட்டும் மாமா. வந்துட்டா கட்டட முதலாளிகிட்ட உங்களுக்காகப் பேசுவேன். வரலைன்னா உங்களுக்குப் பேச நானே இங்க இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். தங்கை வீட்டில் உலை கொதிப்பது அவன் ஒருவன் சம்பாத்தியத்தில். மாமாவுக்கோ, வீட்டு நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவரைச் சும்மா விடக்கூடாது என்று அவனே ஒரு வேலை கொடுத்தான். வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்கள் மேல் புகைவாடை இருக்கிறதா என்று மோந்து சொல்வது. அதில் மாமா மறுபடி கொஞ்சம் உயிர்பிடித்தார். "தம்பி, ரெண்டு இழுப்பு இழுத்திருக்க. முதல் இழுப்பு கோட்டுக்கு வெளிய, ரெண்டாவது உள்ள. சரியா?" பையன்கள் அசந்துபோவார்கள். பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார். வாங்கியதெல்லாம் அவருடைய கருவிப் பெட்டியில் திருப்புளிகளுக்கு அடியில் கிடந்தது.

அந்த வாசலில் அவருக்குத் துணை காவலாளி. பட்டப்பெயர் இஞ்சின். ஒருகாலத்தில் அவர் வாயில் புகை நின்ற நேரமே கிடையாது. பேத்தி பிறந்தபோது மருமகள், "வாடையோட குழந்தையைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். மனிதர் அன்றைக்கே விட்டுவிட்டார். விட்டதை நம்பாமல் ஊரே சிரித்தபோது மாமாதான் அவர் கையைப் பிடித்து மூக்கருகே வைத்து மோந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சுத்தம். இஞ்சின் அணைஞ்சாச்சு. இனிமே இவனை ஒருத்தனும் சந்தேகப்படாதீங்க, நான் சொல்றேன்." அன்று இஞ்சினுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மூக்கு எனக்கு கோர்ட்டு மாதிரிண்ணே" என்றார்.

சான்றிதழுக்காகப் பார்வையிட வந்தவர் ஒரு வயதான அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கி, விளக்கைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார், சுவர்ப் பெட்டிகளின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார். வாசலில் மஞ்சள் கோட்டின் மேல் நின்று கதவு வரைக்கும் நடந்தார். கடைசியாக ஏழாம் மாடிக் கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த அறைக்கு மட்டும் புதுக்காற்று தனிக் குழாய் வழியாக மொட்டைமாடியிலிருந்து நேரே வருகிறது. சான்றிதழுக்காகவே போட்ட குழாய். மடக்கியது, பூட்டியது எல்லாம் மாமா கை.

கீழே நின்றிருந்த மாமாவிடம், காலி டம்ளர்களோடு இறங்கிவந்த டீ அக்கா போகிறபோக்கில் சொன்னாள்: "மேல அந்தம்மா காகிதத்தை மடிச்சு விசிறிக்கிட்டிருக்காங்க மாமா."

"விசிறிக்கிறாங்களா?"

"ஆமா."

"என் காத்துலயா?"

"அவங்களுக்கு உடம்பு சூடா இருக்கும், விடுங்க. பச்சை லைட்டுதான் எரியுது."

"பச்சை லைட்டு கிடக்கட்டும்டி" என்று கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் மாமா படியேறினார். பத்துப் படிக்கொருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். பெட்டியை நம்பி ஒரு வருஷமாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம், கடைசி நாளில் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. பார்வையிட வருகிறார்கள் என்பதால் பூட்டைத் திறந்து சாவியும் கையுமாக இஞ்சின் அங்கே காவல் இருந்தார். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றபடி, "என்னண்ணே இவ்வளவு வேகம்?" என்றார். மாமா நேரே காற்று இயந்திரத்துக்குப் பின்பக்கம் போனார். புதுக்காற்றை இழுக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. சாய்ந்த தகரப் பட்டைகள், உள்ளே சுழல்கிற விசிறி. சத்தம் சரியாகத்தான் இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். இழுக்கிற மாதிரியும் இருந்தது, இழுக்காத மாதிரியும் இருந்தது. கையை எவன் நம்புவான்?

ஒன்றே ஒன்று, பார்த்துவிட்டு அணைத்துவிடலாம்.

கருவிப் பெட்டியில் திருப்புளிகளுக்கு அடியிலிருந்து ஒரு சிகரெட்டை உருவினார். கூடவே கிடந்த ரப்பர் குமிழில் செருகினார். தீக்குச்சி. ஒரு அமுக்கு. குமிழைக் கழற்றி, நுனியைத் தகரப் பட்டைகளுக்கு நேரே நீட்டினார்.

புகை யோசிக்கவே இல்லை. ஒரே நூலாக, வளையாமல், உள்ளே போனது. இவ்வளவு சுத்தமாக ஒரு குழாய் காற்றை விழுங்கி அவர் பார்த்ததே கிடையாது. தாம் மடக்கிய தகரம், தாம் பூட்டிய விசிறி பெல்ட். "போ தாயி, போ" என்று முணுமுணுத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருடைய கட்டடம் அவரிடம் வாய்திறந்து பேசியது. கொஞ்சம் தள்ளி, மேல் மூலையில் பிடித்துப் பார்த்தார். அங்கேயும் இழுத்தது. கீழ் மூலையில். அங்கேயும். முக்கால் சிகரெட் போய்விட்டது தெரியவில்லை. பழைய குழாய்களில் புகை ஏழு மாடிக் காற்றோடு கலந்து கரைந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. இந்தக் குழாய் எங்கேயும் நிற்காது, எதோடும் கலக்காது. நேரே கூட்ட அறையின் கூரைக்குப் போய் அந்த அம்மாள் தலைக்கு மேலே திறக்கிறது. அதை அப்படிப் போட்டவரே அவர்தான்.

படிக்கட்டில் பல பேருடைய செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் அவருக்கு அது உறைத்தது. கட்டைவிரலால் நசுக்கி அணைத்து இயந்திரத்தின் பீடத்துக்குப் பின்னால் போட்டார். விரல் சுட்டது கூடத் தெரியவில்லை.

முதலில் தங்கை மகன் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் பார்வையிட வந்த அம்மாள், கையில் மடித்த காகிதம். பின்னால் கணக்கர், இன்னும் இரண்டு பேர். "சல்லடை வழியா சிகரெட் வாடை வந்தது" என்றார் அம்மாள், அமைதியாக. "இங்க யார் இருந்தாங்க?"

எல்லோர் பார்வையும் தொட்டி நிழலில் சாவியோடு நின்ற ஆளின் மேல் போனது. இஞ்சின் என்ற பட்டப்பெயர் ஒன்றே போதுமே.

"ஐயோ, நான் இல்லம்மா. நான் விட்டு ஒரு வருஷம் ஆகுது."

தங்கை மகன் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான். எழுந்தபோது அவன் கையில் அந்தச் சிகரெட் துண்டு இருந்தது. பஞ்சில் உதட்டு ஈரம் இல்லை, பல் பட்ட தடம் இல்லை. ரப்பர் பதிந்த வட்டம் மட்டும் இருந்தது. சின்ன வயதில் மாமாவோடு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அந்த வட்டத்தை அவனுக்குத் தெரியாதா? தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். அவனுக்கு அப்படியே தங்கையின் கண். பிறகு கையை மூடிக்கொண்டு காவலாளி பக்கம் திரும்பினான்.

"ஏன்யா, உனக்கு எத்தனை தடவை சொன்னேன்? இன்னைக்குப் போயி இப்படியா?"

"சார், என் பேத்தி மேல சத்தியமா..."

"குழந்தையை ஏன் இழுக்கிற? கதவு சாவி உன்கிட்டதானே இருக்கு?"

இஞ்சின் சுற்றிலும் பார்த்தார். மாமாவைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தண்ணீரில் விழுந்தவனுக்குக் கரை தெரிந்த மாதிரி. "அண்ணன் இங்கயேதான் இருந்தார் சார். அவரைக் கேளுங்க. அவர் மூக்குக்குத் தெரியாததா?" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மாமாவிடம் வந்தார். "மோந்து பாருங்கண்ணே. விரலை மோந்து பாருங்க. வாயை ஊதறேன். நீங்க சொல்லிட்டா போதும்."

"இவர் யார்?" என்று அம்மாள் கேட்டார்.

"எங்க காத்து மெக்கானிக் மேடம்" என்றார் கணக்கர், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடு. "வாழ்க்கையில சிகரெட்டைத் தொட்டவர் இல்ல. மோந்தே சொல்லிடுவார். எங்க கட்டடத்துல அவர் சொல்தான்."

மாமா குனிந்தார். இஞ்சினின் விரல்களில் துணி சோப்பு இருந்தது. இரும்புச் சாவி இருந்தது. அதற்கும் அடியில் லேசாக, குழந்தைக்குப் போடுகிற பவுடர் இருந்தது. புகை இல்லை. புகை அவருடைய கட்டைவிரலிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தும் அவருக்கு எட்டியது. 'நான்தான்' என்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. காவல்காரன் ஒருவன் விதியை மீறினால் அது ஒரு ஆளின் தப்பு. காற்றுக்குப் பொறுப்பானவனே காற்றின் வாயில் புகையைக் கொடுத்தான் என்றால் கட்டடமே தப்பு. சான்றிதழ் போகும். தங்கை மகன் போவான். தங்கை வீட்டு அடுப்பு போகும். அவர் அந்த நாற்காலிக்குப் போவார்.

யார் பேச்சுக்கும் காத்திராத மனிதர். அவர் பேசட்டும் என்று இத்தனை பேர் வாயைமூடிக் காத்து நின்றது அன்றைக்குத்தான்.

"சளி பிடிச்சிருக்குப்பா" என்றார். "மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியல."

இஞ்சினுடைய கைகள் நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு தாமாக இறங்கின. அவர் மாமாவை முறைக்கவில்லை, திட்டவில்லை. "ஓ... சரிண்ணே" என்றார்.

அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். தங்கை மகன் கேட்காமலே, "இன்னையோட அனுப்பிடறேன் மேடம். எங்க விதி கண்டிப்பானது" என்றான். "அனுப்பணும்னு நான் சொல்லல. நடவடிக்கை எடுத்தீங்களான்னு மட்டும்தான் எழுதுவேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு மாமாவை ஒருமுறை பார்த்தார். "உடம்பைப் பார்த்துக்கோங்க ஐயா."

எல்லோரும் இறங்கிப் போனபிறகு படிக்கட்டுத் திருப்பத்தில் தங்கை மகன் அவரை நிறுத்தினான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. நானும் ஒண்ணும் பார்க்கல."

"டேய், அவனுக்கு..."

"அவருக்கு வேற எங்கயாவது கிடைக்கும். காவல் வேலைக்கா பஞ்சம்? நமக்கு?" அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒரே ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா மாமா? ஒரே ஒரு நாள்?"

மாமா வாயைத் திறந்தார். காற்று எவ்வளவு சுத்தமாக உள்ளே போனது என்று சொல்லத்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

சான்றிதழ் வந்தது. வாசல் சுவரில் பச்சை இலை போட்ட பலகை ஏறியது. மேல் மூன்று மாடிக்கும் ஆட்கள் வந்தார்கள். மாமாவுக்கு வேலையும் நீடித்தது. தங்கை மகன் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான். ஆனால் மாமாவின் சளி விடவில்லை. விட்டால் எப்படி? விட்ட மறுநாளே வாசலில் யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுவார்களே. புதிய காவலாளி ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்து, "மாமா, இவன் மேல வாடை வருதான்னு பாருங்க" என்றால், மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவன் மேல் அடிக்கிற வாடை தெருமுனை வரைக்கும் வரும். டீ அக்கா, "என்ன மாமா, மூக்கோட சேர்த்து வாயும் அடைச்சுப்போச்சா? ஒரு கதையையும் காணோம்" என்று சீண்டினாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். மனைவிதான் முதல்முறையாகத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "ஏதாவது பேசுங்களேன்" என்றாள். அவர் எழுந்து தொலைக்காட்சியை மறுபடி போட்டார். இஞ்சின் வீடு இருக்கிற தெருவின் முனைவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். எந்த வீட்டிலோ குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டார்.

இஞ்சினே ஒருநாள் வந்தார். காவலாளிச் சீருடையைத் திருப்பிக் கொடுப்பதற்காக. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே விடாமல் புதிய காவலாளி வாசலிலேயே வாங்கிக்கொண்டான். சட்டையை மோந்துவிட்டு வைத்தான். அது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. மாமா பலகைக்குக் கீழே நின்றிருந்தார். ஒளிய இடம் இல்லை.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்பா. நீ?"

"ஒரு குடோன்ல கேட்டிருக்கேன். இங்க வேலையை ஏன் விட்டேன்னு கேக்கறாங்க. சொன்னா யோசிக்கிறாங்க." சிரிக்கப் பார்த்தார். "மருமகதான் நம்பல. குழந்தையைக் கையில குடுக்க மாட்டேங்குறா. தூர நின்னு பார்க்கறேன். பழகிடும்."

மாமா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அன்னைக்கு மட்டும் உங்க மூக்கு நல்லா இருந்திருந்தா, நீங்க என்னை விட்டிருப்பீங்களாண்ணே? ஒரே வார்த்தையில முடிச்சிருப்பீங்க. என் கெட்ட நேரம், உங்களுக்குப் போய் அன்னைக்குப் பார்த்துச் சளி பிடிச்சிருக்கு." கிட்ட வந்து, அக்கறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "இப்போ பரவாயில்லையா? விட்டுடுச்சா?"

மாமா கைக்குட்டையை எடுத்தார். "இன்னும் விடலப்பா" என்று சொல்லி, முகத்தை அதில் புதைத்து, காய்ந்து கிடந்த மூக்கைச் சத்தமாகச் சிந்தினார்.